ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் சிங்கப்பூரரை மணக்கும்போது: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

சிங்கப்பூரில் கட்டுமானத் தளத்திலோ கப்பல் பட்டறையிலோ ஒர்க் பெர்மிட்டில் வேலை செய்யும் ஒருவர், அந்நாட்டுக் குடிமகள் ஒருவரை மணக்க முடிவெடுத்ததும், இருவரும் முதலில் கேட்பது பெரும்பாலும் எங்கே, எப்போது பதிவு செய்வது என்பதைத்தான். அதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. திருமணத்துக்குப் பிறகு அவர் அந்நாட்டில் தங்கும் உரிமை யாரைச் சார்ந்து நிற்கப்போகிறது, முதலாளியையா, மனைவியையா, அல்லது அவரையேயா? முன்னால் இருக்கும் வழிகள் ஒவ்வொன்றும் இக்கேள்விக்கு வேறு வேறு விடை தருகின்றன. செலவு, காலம், அலைச்சல் ஆகியவற்றைவிட இந்த விடையை வைத்தே வழிகளை ஒப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

எல்லா வழிகளுக்கும் பொதுவான விதி ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒர்க் பெர்மிட் வைத்திருப்பவரோ, முன்பு வைத்திருந்தவரோ, சிங்கப்பூர்க் குடிமக்களையோ நிரந்தரவாசிகளையோ மணப்பதற்கு மனிதவள அமைச்சின் முன்அனுமதி வேண்டும். திருமணம் சிங்கப்பூரில் நடந்தாலும் வெளிநாட்டில் நடந்தாலும் இந்த விதி பொருந்தும். பெர்மிட் காலாவதியாகி அவர் ஊர் திரும்பிவிட்டாலும் பொருந்தும். அரசுப் பதிவேட்டில் ஏறியதை மட்டுமே விதி திருமணமாகக் கொள்வதில்லை. சமயச் சடங்கு, மரபு, வழக்கம் என எந்த முறைப்படி நடந்தாலும் அதையும் திருமணமாகவே கருதுகிறது. ஆகவே கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்லும் யோசனை ஆபத்தானது. அனுமதி பெறாமல் மணந்தால் பெர்மிட் ரத்தாகலாம், நாட்டுக்குள் மீண்டும் நுழையத் தடையும் வரலாம். வயது வந்த இருவரின் திருமணத்துக்கு அமைச்சின் இசைவு வேண்டும் என்பது பலருக்கு மனவருத்தம் தருகிறது. எனக்கும் அது உறுத்தலாகவே இருக்கிறது. ஆயினும் பெர்மிட்டில் வேலைக்கு வரும்போது அதன் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டே வருகிறோம். அவற்றுள் ஒன்றை மீறினால், சேர்ந்து வாழ நினைக்கும் இருவருமே அதன் விலையைக் கொடுக்க நேரிடும்.

இந்த நிபந்தனை ஒர்க் பெர்மிட்டோடு பிணைந்தது. உயர் பதவியினருக்கான எம்ப்ளாய்மெண்ட் பாஸ், இடைநிலைத் திறனாளருக்கான எஸ் பாஸ் ஆகிய மற்ற வேலை அனுமதிகளின் நிபந்தனைகளில் இது இல்லை. இந்த வேறுபாட்டிலிருந்துதான் முதல் இரண்டு வழிகளும் பிரிகின்றன.

பெர்மிட்டில் இருந்தபடியே அனுமதி கேட்பது

முதல் வழி நேரானது. இருவரும் சேர்ந்து மனிதவள அமைச்சிடம் விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகு திருமணப் பதிவகத்தில் அறிவிப்புக் கொடுத்து மணப்பது. முஸ்லிம் இணையர் முஸ்லிம் திருமணப் பதிவகத்தை நாட வேண்டும். இருவரும் தம்மையும் குடும்பத்தையும் தாங்களே காப்பாற்றிக்கொள்ள முடியுமா என்பதும், பெர்மிட்டில் இருப்பவரின் நடத்தைப் பதிவும் பரிசீலனையில் முக்கிய இடம் பெறுகின்றன. எனவே உள்ளூர்த் துணையின் நிலையான வருமானம், மத்திய சேமநிதி எனும் கட்டாயச் சேமிப்புக்கான பங்களிப்பு, தொழிலாளியின் திறன் சான்றிதழ்கள், ஒரே முதலாளியிடம் நீண்ட காலம் வேலை செய்த பதிவு ஆகியவை விண்ணப்பத்துக்கு வலு சேர்க்கும்.

இங்கே மிகப் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு செய்தி இருக்கிறது. மனிதவள அமைச்சு திருமணத்துக்கு அனுமதி தருவதனால் தங்கும் உரிமை கிடைத்துவிடாது. தங்குவதற்கான அனுமதியைத் தருவது வேறோர் அமைப்பு, அதாவது குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம். முன்னதன் கடிதம் கையில் இருக்கிறது என்பதற்காகப் பின்னது, துணைவரோடு தங்க உதவும் நீண்டகால வருகை அனுமதியைத் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. திருமணம் முடிந்து, பெர்மிட்டும் முடிந்து, மனைவி சிங்கப்பூரிலும் கணவர் தஞ்சாவூரிலுமாகப் பிரிந்து வாழும் நிலை இந்த இடைவெளியிலிருந்தே பிறக்கிறது.

இதைத் தவிர்க்கவே 2015-ஆம் ஆண்டிலிருந்து திருமணத்துக்கு முந்தைய மதிப்பீடு என்ற ஏற்பாடு இருந்து வருகிறது. சிங்கப்பூர்க் குடிமகனோ குடிமகளோ வெளிநாட்டவரை மணக்கும் முன், அந்த வெளிநாட்டவருக்கு நீண்டகால வருகை அனுமதி கிடைக்கும் தகுதி இருக்கிறதா என்பதை ஆணையத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தகுதி உண்டு என்று கடிதம் வந்தால், திருமணத்துக்குப் பின் செய்யும் விண்ணப்பம் எளிதாகும். வராவிட்டால், திருமணத்துக்கு முன்பே இருவரும் உண்மை நிலையை அறிந்து முடிவெடுக்கலாம். இது கட்டாயமில்லை என்பதனாலேயே பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதல் வழியில் செல்பவர்கள் இதைக் கட்டாயம் போலவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். அமைச்சின் அனுமதியும் ஆணையத்தின் கடிதமும் கைக்கு வரும் வரை மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம், பத்திரிகையும் அடிக்க வேண்டாம்.

எஸ் பாஸுக்கு மாறிய பிறகு மணப்பது

இரண்டாவது வழி காத்திருப்பது. டிப்ளோமாவோ பட்டமோ உள்ளவர்கள், எஸ் பாஸ் கிடைத்த பின் மணந்தால் நிலைமை சீராகும் என்று நினைக்கிறார்கள். இதில் நியாயம் உண்டு. வருமானம் உயர்கிறது, நிரந்தரவாசத் தகுதிக்குத் தன் பெயரிலேயே விண்ணப்பிக்கும் வாசல் எஸ் பாஸ், எம்ப்ளாய்மெண்ட் பாஸ் வைத்திருப்போருக்குத் திறந்திருக்கிறது, ஒர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கு அந்த வாசல் இல்லை. தங்கும் உரிமை ஒருவரின் சொந்தக் காலில் நிற்பதற்கு மிக அருகில் வரும் வழி இதுவே.

ஆனால் இந்த வழியின் கதவு தொழிலாளியின் கையில் இல்லை. எஸ் பாஸுக்கான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 செப்டம்பர் முதல் 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). நிதித்துறையில் அதைவிடக் கூடுதல். வயது ஏற ஏற அந்தத் தொகையும் ஏறுகிறது. அதற்கு மேல், ஒரு நிறுவனம் தன் மொத்த ஊழியர்களில் குறிப்பிட்ட விழுக்காட்டினருக்கு மட்டுமே எஸ் பாஸ் எடுக்க முடியும்: சேவைத்துறையில் 10 விழுக்காடு, கட்டுமானம், கப்பல் பட்டறை, உற்பத்தி போன்ற துறைகளில் 15 விழுக்காடு. முதலாளிக்கு நல்ல மனம் இருந்தும் ஒதுக்கீடு நிரம்பியிருந்தால் ஒன்றும் செய்ய இயலாது. அடுத்த ஆண்டு போட்டுத் தருகிறேன் என்று மேற்பார்வையாளர் சொன்ன வார்த்தையை நம்பித் திருமணத்தை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சம்பளமும் ஒதுக்கீடும் உறுதியாகி, விண்ணப்பமே போடப்பட்டுவிட்டது என்ற நிலையில் சில மாதங்கள் பொறுத்திருப்பது வேறு, அது அறிவுடைமை.

2025 ஜூலை முதல் ஒர்க் பெர்மிட்டுக்கு இருந்த அதிகபட்ச வேலைக்கால வரம்பு நீக்கப்பட்டு, வயது வரம்பும் 63-ஆக உயர்த்தப்பட்டிருக்கிறது. பெர்மிட் காலம் முடிந்துவிடுமே என்ற பதற்றத்தில் அவசரத் திருமணம் செய்துகொள்ள வேண்டிய நெருக்கடி இதனால் ஓரளவு தணிந்திருக்கிறது. ஆனாலும் முதலாளி புதுப்பிக்காவிட்டால் எந்தப் பெர்மிட்டும் நிற்காது. முன்பு பெர்மிட்டில் இருந்து இப்போது எஸ் பாஸுக்கு மாறியவர்கள், பழைய பதிவு ஏட்டில் இருப்பதை மனத்தில் கொண்டு, தேதி குறிப்பதற்கு முன் தம் நிலையை மனிதவள அமைச்சிடம் எழுத்து மூலம் உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

ஊரில் மணப்பது

மூன்றாவது வழியாகப் பேசப்படுவது தமிழ்நாட்டில் திருமணத்தை முடித்துக்கொள்வது. இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் விதியிலிருந்து தப்பிக்க ஊரில் மணப்பது என்றால் அது வழியே அன்று; மேலே சொன்னபடி, வெளிநாட்டில் நடக்கும் திருமணத்துக்கும் முன்அனுமதி தேவை. அனுமதி பெறாமல் மணந்தவர் பிற்பாடு நீண்டகால வருகை அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது, மணச் சான்றிதழே அவருக்கு எதிரான ஆவணமாகிவிடும்.

அனுமதியோடு ஊரில் மணப்பதும், ஊரிலேயே வாழ்வதும் முழு மரியாதைக்குரிய தேர்வு. சிங்கப்பூரில்தான் வாழ்ந்தாக வேண்டும் என்பது பலருடைய எண்ணத்தில் கேள்வியின்றி உட்கார்ந்துவிட்ட ஒன்று. அதை இருவரும் ஒருமுறையாவது மறுபரிசீலனை செய்ய வேண்டும். இருவரும் இந்துக்களாயின் இந்து திருமணச் சட்டத்தின்படி மணந்து, தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டு திருமணப் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்யலாம். வேறு சமயத்தவராயின் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால் இரண்டு வார விடுப்பில் வந்து முடிக்க இயலாது. பதிவு செய்த திருமணம் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நிலைத்த பின், இந்தியரை மணந்த வெளிநாட்டவர் ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த அட்டை கிடைத்தால் இந்தியாவில் காலவரையின்றித் தங்கலாம், வேலை செய்யலாம். வாக்களிக்கவும் விவசாய நிலம் வாங்கவும் இயலாது. அதுவரை மனைவி நுழைவு விசாவில் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அவரால் எளிதாக வேலைக்குப் போக முடியாது. திருமணம் முறிந்தால் ஓசிஐ அட்டையும் பறிபோகலாம். கணவர் சிங்கப்பூரில் மனைவியைச் சார்ந்து நிற்பதைப் போலவே, இங்கே மனைவி கணவரைச் சார்ந்து நிற்கிறார். சார்பு இடம் மாறுகிறது, மறைவதில்லை. இதை உள்ளூர்த் துணையிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டியது தொழிலாளியின் கடமை.

மணந்த பின்: எந்த அனுமதியில் தங்குவது?

ஒப்பீட்டின் கனமான பகுதி இதுவே. மணந்த பின் கணவர் தன் பழைய வேலை அனுமதியிலேயே தொடரலாம். நீண்டகால வருகை அனுமதிக்கு மாறலாம். அதன் மேல்நிலையான நீண்டகால வருகை அனுமதி பிளஸ் பெறலாம். அல்லது நிரந்தரவாசத்துக்கு முயலலாம்.

வேலை அனுமதியில் தொடர்ந்தால் தங்கும் உரிமை முதலாளியிடம் இருக்கிறது. வேலை போனால், மனைவியும் குழந்தையும் சிங்கப்பூரர்களாக இருந்தாலும், அவர் வெளியேற வேண்டிய நிலை வரலாம். நீண்டகால வருகை அனுமதியில் உரிமை மனைவியிடம் இருக்கிறது. 21 வயது நிறைந்த குடிமகளோ நிரந்தரவாசியோ ஆதரவாளராக நின்று விண்ணப்பிக்கிறார். இதன் பெரிய நன்மை வேலைச் சுதந்திரம். நீண்டகால வருகை அனுமதியில் இருக்கும் கணவரோ மனைவியோ வேலை செய்ய மனிதவள அமைச்சு தரும் இசைவுக் கடிதம் பெற்றால், ஒரே முதலாளி, ஒரே துறை என்ற கட்டு அவிழ்கிறது. அவரை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் வெளிநாட்டு ஊழியருக்காக அரசுக்குச் செலுத்தும் தீர்வையைக் கட்ட வேண்டியதில்லை. ஒதுக்கீட்டுக் கணக்கிலும் அவர் வரமாட்டார். ஆகவே அவரை எடுப்பது முதலாளிக்கும் எளிது. கட்டுமானத் தளத்தில் பத்து ஆண்டு மின்வேலை செய்தவர், தீர்வையும் ஒதுக்கீடும் குறுக்கே நிற்காமல் வேறொரு நிறுவனத்தில் நல்ல சம்பளம் கேட்கும் நிலை இங்கேதான் வருகிறது.

இதில் இழப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இதைப் பற்றி யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் வரை தொழிலாளியின் மருத்துவச் செலவும், ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கான மருத்துவக் காப்புறுதியும், ஊர் திரும்பும் செலவும் முதலாளியின் பொறுப்பு. வருகை அனுமதிக்கு மாறிய நாளிலிருந்து அந்தப் பொறுப்பு குடும்பத்தின் தோளில் ஏறுகிறது. அரசின் மெடிஷீல்டு லைஃப் மருத்துவக் காப்புறுதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. வேலையிடத்தில் ஏற்படும் காயங்களுக்கான இழப்பீட்டுச் சட்டம் ஊழியர் என்ற முறையில் அவருக்கு இன்னும் பொருந்தும் என்றாலும், சாதாரண நோய்க்கும் அறுவை சிகிச்சைக்கும் மானியமில்லாத கட்டணம் கட்ட வேண்டும். எனவே பெர்மிட்டை விடும் முன் தனியார் மருத்துவக் காப்புறுதி எடுத்துவிட வேண்டும். மத்திய சேமநிதியும் வருகை அனுமதியில் இருப்பவருக்குக் கிடையாது. ஓய்வுக்கால சேமிப்பைத் தாமே செய்துகொள்ள வேண்டும்.

2012-இல் அறிமுகமான பிளஸ் அனுமதி இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. இது குடிமக்களின் துணைவர்களுக்கு மட்டுமே உரியது. அத்திருமணத்தில் சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள குழந்தை இருக்க வேண்டும், அல்லது திருமணமாகி மூன்று ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். முதல் முறை மூன்று ஆண்டு வரையிலும், புதுப்பிக்கும்போது ஐந்து ஆண்டு வரையிலும் தரப்படுகிறது. அரசு மருத்துவமனைகளில் உள்நோயாளியாகச் சேர்ந்தால் மானியமும் உண்டு. அடிக்கடி புதுப்பிக்கும் பதற்றம் குறைவதே குடும்பத்துக்கு இதன் பெரும் ஆறுதல். தகுதி வந்தவுடனே, அடுத்த புதுப்பிப்பின்போது, இதற்கு மாறிவிட வேண்டும்; தாமதிக்க ஒரு காரணமும் இல்லை.

நிரந்தரவாசம் இவை எல்லாவற்றையும்விட உறுதியானது. வேலை, சேமநிதி, மருத்துவக் காப்புறுதி என எல்லாவற்றிலும் நிலை மாறுகிறது. ஆனால் அது விண்ணப்பித்தவுடன் கிடைப்பதன்று. திருமணமான மறுமாதமே விண்ணப்பித்து மறுக்கப்பட்டு மனமுடைந்து போகிறவர்கள் பலர். சில ஆண்டு வேலைப் பதிவும் குழந்தையும் குடும்ப வேரும் உள்ள விண்ணப்பம் வலுவாக இருக்கும். நிரந்தரவாசியாக இரண்டு ஆண்டுகளும் குடிமகளை மணந்து இரண்டு ஆண்டுகளும் ஆன பின் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கலாம். அப்போது இந்தியக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். இரு நாடுகளுமே இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஊரில் விவசாய நிலம் உள்ளவர்கள் இதை அவசரப்பட்டு முடிவு செய்யக் கூடாது. ஏற்கெனவே உள்ள நிலத்தை வைத்திருப்பதில் தடை வராது. புதிதாக வாங்குவது இயலாமல் போகும். மகன் பிறந்தால் அவருக்கு ராணுவம் போன்றவற்றில் கட்டாயப் பணியான தேசிய சேவைக் கடமை உண்டு என்பதையும் இருவரும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

உள்ளூர்த் துணை குடிமகளாக இல்லாமல் நிரந்தரவாசியாக இருந்தால் கணக்கு மாறுகிறது. பிளஸ் அனுமதி கிடையாது. பிறக்கும் குழந்தைக்குத் தானாகக் குடியுரிமை வராது. ஆனால் மணப்பதற்கான முன்அனுமதி மட்டும் அப்படியே பொருந்தும். அந்த இணையருக்குக் காத்திருந்து எஸ் பாஸ் எடுக்கும் வழி ஒப்பீட்டளவில் அதிகப் பொருள் உடையதாகிறது.

பெண் தொழிலாளர்களுக்கு நிபந்தனை இன்னும் கடுமையானது. இல்லப் பணிப்பெண்ணாகவோ வேறு துறையிலோ ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் பெண், அமைச்சின் அனுமதியோடு குடிமகனையோ நிரந்தரவாசியையோ ஏற்கெனவே மணந்திருந்தால் ஒழிய, சிங்கப்பூரில் கருவுறவோ பிள்ளை பெறவோ கூடாது. பணிப்பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் கர்ப்பமும் சோதிக்கப்படுகிறது. ஆகவே அவர்களுக்கு வரிசை மிக முக்கியம்: முதலில் அனுமதி, பிறகு திருமணம், அதன் பிறகே குழந்தை. கர்ப்பமான பிறகு அனுமதி கேட்டுக்கொள்ளலாம் என்று ஆண் துணை சொன்னால், அந்த ஆபத்து முழுவதும் பெண்ணின் மேலேயே விழுகிறது என்பதை அவர் உணர்ந்தாரா என்று கேட்க வேண்டும்.

பணம் கொடுத்தால் உள்ளூர்த் துணை ஏற்பாடு செய்கிறோம் என்று வரும் தரகர்களைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. தங்கும் அனுமதிக்காகச் செய்யும் பொய்த் திருமணம் குற்றம். 10 ஆண்டு வரை சிறையும் 10,000 வெள்ளி வரை அபராதமும் உண்டு. கையெழுத்திட்ட உள்ளூர்க்காரருக்கும் அதே தண்டனைதான்.

வீட்டுச் செய்தியும் முடிவைத் தொடுகிறது. கணவர் நிரந்தரவாசியாகாத நிலையில், குடிமகள் வெளிநாட்டுத் துணைவருக்கான திட்டத்தின்கீழ் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மறுவிற்பனை வீட்டையோ, ஈரறை ஃபிளெக்சி வகைப் புது வீட்டையோ வாங்கலாம். பெரிய புது வீடுகளுக்கு வழியில்லை. கணவர் நிரந்தரவாசியானால் புது வீடு வாங்கலாம். அப்போது கூடுதலாகக் கட்டும் 10,000 வெள்ளி, பின்னர் அவர் குடிமகனானாலோ குடியுரிமை உள்ள குழந்தை பிறந்தாலோ மானியமாகத் திரும்பக் கிடைக்கும்.

இவ்வளவையும் எடைபோட்டால், உள்ளூர்த் துணை குடிமகளாகவும் நிலையான வருமானம் உடையவராகவும் இருந்தால், எஸ் பாஸுக்காகக் காத்திராமல் இப்போதே அமைச்சின் அனுமதிக்கும் ஆணையத்தின் மதிப்பீட்டுக்கும் விண்ணப்பித்து, மணந்து, வருகை அனுமதிக்கு மாறி, இசைவுக் கடிதத்தோடு வேலையை மேம்படுத்திக்கொள்வதே பெரும்பாலோருக்குச் சிறந்தது என்று நினைக்கிறேன். முதலாளியின் விருப்பத்தைச் சார்ந்து நிற்பதைவிட, சேர்ந்து வாழ முடிவு செய்த துணையைச் சார்ந்து நிற்பது மேல். ஒரு சில ஆண்டுகளில் பிளஸ் அனுமதியோ நிரந்தரவாசமோ அந்தச் சார்பைத் தளர்த்தும். துணையின் வருமானம் நிலையற்றதாக இருந்தாலோ, அவர் நிரந்தரவாசியாக இருந்தாலோ, தொழிலாளி தன் தகுதியை உயர்த்திக்கொண்ட பின் மணப்பது பாதுகாப்பானது. துணைக்குத் தமிழ்நாட்டில் வாழ உண்மையான விருப்பமும் வேலைக்கான வாய்ப்பும் இருந்தால் மட்டுமே மூன்றாவது வழி.

எந்த வழியாயினும் ஆவண வேலையை அடுத்த விடுப்பிலேயே தொடங்கிவிடலாம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்தோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் தந்தை பெயரோடு சேர்ந்த நீண்ட பெயர் என்று நம்மில் பலருக்கு மூன்று விதமாக இருக்கும். அவற்றை ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும். தமிழில் உள்ள சான்றிதழ்களுக்கு முறைப்படி ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். முன்பு மணமாகியிருந்தால், ஊர்ப் பஞ்சாயத்தில் எழுதி வாங்கிய காகிதம் போதாது. நீதிமன்றம் தந்த விவாகரத்து ஆணை வேண்டும், அது கைக்கு வரும் வரை எந்த விண்ணப்பமும் போடக் கூடாது.